சுதந்தரவாளி என்பவன் யார்?

ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன், பிரேசர் டவுன் என்று அடுத்தடுத்துக் கிடக்கும் பெங்களூர் கண்டோன்மென்ட் பகுதிகளில், தமிழ்க் கிறித்தவர் வீட்டுக் கல்யாணப் பிரசங்கத்தில் வேதாகமத்து ரூத் அடிக்கடி வந்துபோவாள். (அவள் பிரியமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தது மாமியாருக்கு. மணமேடையில் அதை யாரும் நினைவூட்டுவதில்லை.) அந்தக் கதையில் ரூத்தை மணக்கும் போவாசுக்குப் பழைய தமிழ் வேதாகமம் தரும் பட்டம் ‘சுதந்தரவாளி’. இன்று பள்ளிப் பிள்ளையிடம் கேட்டால் விடுதலை வீரர் என்றுதான் சொல்லும்.

சுதந்தரம் என்றால் அன்று உரிமைப் பங்கு. தொண்டைமண்டலத்து ஊர்களில் அறுவடை முடிந்ததும் மிராசுதாரருக்கும் ஊர்ப் பணியாளருக்கும் களத்துமேட்டிலேயே அளந்து கொடுத்த பரம்பரை நெல்லுக்குச் சுதந்தரம் என்றே பெயர். ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் துரை 1810-களில் மிராசு உரிமையை ஆராய்ந்தபோது இந்த வரும்படியையும் எழுதிவைத்தார். ஆகவே சுதந்தரவாளி என்றதும் அன்றைய வாசகர் நிலத்தையும் நெல்லையும் நினைத்திருப்பார்.

எபிரேய மூலத்தில் இருப்பது ‘கோயேல்’. நொடித்துப்போன உறவினன் விற்ற நிலத்தைத் திரும்ப வாங்குவது, கடனுக்கு அடிமையானவனை மீட்பது, கொலையுண்டவனுக்காகப் பழிதீர்ப்பது எல்லாம் அவன் பொறுப்பு. ரூத்தில் சுதந்தரவாளி ஆனவன் யோபுவில் ‘மீட்பர்’ ஆகிறான். எண்ணாகமத்தில் பழிவாங்க வேண்டியவன். மூலத்தில் ஒரே ஆள், தமிழில் மூன்று பேர். என்னைக் கேட்டால் நம் ‘பங்காளி’ இவனுக்கு நெருக்கம். இழவுக்கு முதலில் வந்து நிற்பவனும் அவன்தான், வரப்புக்குச் சண்டை போடுபவனும் அவன்தான்.

பெத்லகேம் ஊர்வாசலில் பத்துப் பெரியவர்கள் முன் நடந்ததும் பங்காளிப் பேச்சுத்தான். போவாசைவிட நெருங்கிய உறவினன் ஒருவன் இருக்கிறான். ரூத்தின் மாமியார் நகோமியின் நிலம் என்றதும் வாங்கிக்கொள்கிறேன் என்கிறான். நிலத்தோடு விதவை ரூத்தும் உண்டு, பிறக்கும் பிள்ளை இறந்தவன் பேரில் நிற்கும் என்றதும், என் சொத்து கெட்டுவிடும் என்று பின்வாங்குகிறான். செருப்பைக் கழற்றிக் கொடுத்து உரிமையை விடுகிறான். இது கைமாற்றத்துக்கு அடையாளம், நம் கிரயப் பத்திரம் மாதிரி.

இந்தச் செருப்பையும் உபாகமம் 25-ஆம் அதிகாரத்துச் செருப்பையும் பலர் குழப்புகிறார்கள். அங்கே வருபவன் கொழுந்தன். சகோதரன் பிள்ளையில்லாமல் இறந்தால் அவன் மனைவியை மணந்து இறந்தவன் பெயரை நிலைநிறுத்துவது இவன் கடமை, எபிரேயத்தில் ‘யிபும்’. மறுத்தால் அவளே மூப்பர் முன் அவன் செருப்பைக் கழற்றி, துப்பி, தன் சகோதரன் வீட்டைக் கட்டாதவனுக்கு இதுதான் என்பாள். அந்தச் சடங்கு ‘ஹலிட்சா’. கழற்றுதல் என்றே பொருள். தமிழில் கணவன் கொழுநன், அவன் தம்பி கொழுந்தன். சொல்லளவில் இரண்டும் ஒரே குடும்பம்.

யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ‘யெவாமோத்’ என்று ஒரு நூலே இதற்கு உண்டு, 16 அதிகாரம். எடுத்த எடுப்பில் இந்தக் கடமைக்கு உட்படாத 15 உறவுப் பெண்களைப் பட்டியலிடுகிறது. கொழுந்தன் சிறுவனாயிருந்தால் அவனுக்கு 13 வயது ஆகும்வரை அவள் காத்திருக்க வேண்டும். சடங்குக்கென்று முழுக்கத் தோலில் தைத்த தனிச் செருப்பு, வலது காலுக்கு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெங்களூர் கமர்ஷியல் தெருவில் ரூபின் மோசஸ் என்ற யூதர் பெரிய செருப்புக் கடை வைத்திருந்தார். அங்கேகூட அது விலைக்குக் கிடைத்திருக்காது. யூத மதகுருக்களான ரபிகளின் மன்றத்துச் சொத்து அது.

இந்திய யூதரை இந்தச் செருப்பு நிஜமாகவே கடித்தது 1960-களில். மகாராஷ்டிரக் கடற்கரையிலிருந்து இஸ்ரேல் போன பெனே இஸ்ரேல் மக்கள் மணவிலக்கு, ஹலிட்சா விதிகளைத் தலைமுறைகளாகக் காத்தார்களா என்று ரபிகள் ஐயப்பட்டார்கள். மணமக்களின் முன்னோரைத் துருவச் சொல்லி 1962-இல் உத்தரவு போட்டார்கள். 1964-இல் ஜெருசலேமில் போராட்டம் வெடித்து, நாடாளுமன்றம் வரை போன பிறகே உத்தரவிலிருந்து அவர்கள் பெயர் நீங்கியது.

யிபும் மணத்தை இஸ்ரேல் தலைமை ரபிகள் 1950-லேயே தடுத்துவிட்டார்கள். ஹலிட்சாவுக்குத் தடையில்லை. பிள்ளையில்லாத விதவை மறுமணம் செய்ய இன்றும் அங்கே கொழுந்தன் காலை நீட்டியாக வேண்டும். அதற்குப் பணம் கேட்டுப் பேரம் பேசும் கொழுந்தன்களும் உண்டு.