ரோஷக்காரியும் பொறுமைசாலியும்

ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் மலைப்பாதையில் புத்தகத்தைத் திறக்கவே முடியாது. வளைவுக்கு வளைவு குமட்டும். அதனால் என் காதல் நாவல் வாசிப்பெல்லாம் வீட்டில்தான், மழை விடாத சாயங்காலங்களில். ஈப்போ லிட்டில் இந்தியாவில் அம்மா வாங்கிச் சேர்த்த ரமணிசந்திரன் நாவல்கள் அலமாரியின் மேல் தட்டில். இடைநிலைப்பள்ளித் தோழிகளால் பழக்கமான மலாய்க் காதல் நாவல்கள் கீழ்த்தட்டில். அவற்றில் அட்டை கிழியும்வரை படித்தது ஃபௌசியா அஷாரியின் ‘ஓம்பாக் ரிண்டு’. ‘ஏக்க அலை’ என்று பொருள். 2002-இல் வந்த நாவல். 2011-இல் ஓஸ்மான் அலி இயக்கத்தில் படமாகவும் வந்தது.

இரண்டு தட்டுக்கும் கதையின் எலும்புக்கூடு ஒன்றே. அவன் பணக்காரன், முன்கோபி, அவள் நாதியற்றவள். கல்யாணம் முந்தும், காதல் பிந்தும்.

1938-இல் பிறந்து 150-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய ரமணிசந்திரனின் நாயகிக்கு ரோஷம்தான் சொத்து. உறவினர் வீட்டுச் சோற்றில் வளர்ந்தாலும் ஒரு சொல் பொறுக்க மாட்டாள். பணத்தாசை பிடித்தவள் என்று அவன் தப்பாக நினைத்தால் விளக்கமெல்லாம் சொல்லமாட்டாள், பெட்டியைக் கட்டிவிடுவாள். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் நாற்பதாம் பக்கத்திலேயே முடிந்திருக்குமே என்பேன். “கேட்டுட்டா அப்புறம் நான் என்னத்தப் படிக்கிறது?” என்பார் அம்மா.

‘ஓம்பாக் ரிண்டு’வின் இஸ்ஸா வேறு ரகம். மார்க்கப் பற்றுள்ள கிராமத்துப் பெண். சொந்த மாமனே அவளை விற்றுவிடுகிறான். பணக்கார ஹாரிஸ் அவளைப் பலாத்காரம் செய்கிறான். பாவத்தில் வாழ முடியாது, என்னை மணந்துகொள் என்று அவனிடமே மன்றாடுகிறாள். ரகசியக் கல்யாணம் நடக்கிறது. பிறகு குடும்பம் பார்த்து வைத்த மிலாவும் மனைவியாகிறாள். ரமணிசந்திரனில் ‘இன்னொருத்தி’ சூழ்ச்சிக்காரி. குட்டு வெளிப்பட்டதும் கடைசி அத்தியாயத்தில் காணாமற்போவாள். இங்கே அவளை விரட்ட வழியில்லை, அவளும் முறைப்படி வந்தவள். அந்த நெருக்கடியை ஃபௌசியா கண்ணை மூடிக்கொள்ளாமல் எழுதுகிறார். ரமணிசந்திரன் அந்தப் பக்கமே போகமாட்டார். ஆனால் ஹாரிஸை இஸ்ஸா மன்னிப்பது மட்டும் எனக்கு இன்றுவரை தொண்டைக்குள் இறங்கவில்லை. சபார், சபார் என்று எத்தனை பொறுமை!

மலைத்தோட்டம் என்றால் காதல் கதைக்காரர்களுக்குத் தனி மோகம். பங்களா, பனி, ஜீப்பில் வரும் முதலாளி. எங்கள் பக்கத்துப் போ தேயிலைத் தோட்டம் 1929-இல் ஜே.ஏ. ரசல் தொடங்கியது. என் பாட்டி அங்கே கொழுந்து கிள்ளியவர். ஆள்காட்டி விரலிலும் கட்டைவிரலிலும் படிந்த கறை எந்தச் சோப்புக்கும் போகவில்லை. அந்த நிரைகளில் இப்போது பெரும்பாலும் வங்காளதேசத்தாரும் நேப்பாளிகளும்தான். பாட்டிக்கும் ரோஷம் உண்டு. ஆனால் லயத்து வீடு தோட்டத்துடையது. வேலையை உதறினால் வீடும் போகும். பெட்டியைக் கட்டி எங்கே போவது? பொறுத்தார். அதை யாரும் காதல் என்று எழுதவில்லை.

என் மகள் இப்போது நான்காம் படிவம். அலமாரிப் பக்கம் வர ஆரம்பித்துவிட்டாள். ‘ஓம்பாக் ரிண்டு’ இன்னும் சில வருஷம் கழித்துப் போதும். முதலில் மேல் தட்டைத்தான் காட்டப்போகிறேன். அந்தப் பெண்களுக்குப் பெட்டியைக் கட்டவாவது தெரிகிறது.