நாவின் கீழ் ஒரு குளிசை



எங்கள் அயலில் வாழ்ந்த முதியவர் ஒருவர், நெஞ்சுவலிக்கென வைத்தியர் கொடுத்த சிறு குளிசையை நாவின் கீழ் வையாது தண்ணீருடன் விழுங்கிவிட்டு, “இதனால் ஒரு சுகமும் இல்லைத் தம்பி” என்று என்னிடம் நொந்துகொண்டார். எப்படியும் உடலுக்குள் போகும் மருந்து எவ்வழியாற் போனால் என்ன என்பது அவர் எண்ணம். வரலாறு படிப்பிக்கும் நான் அதற்கு விடை தேடப் புகுந்தேன். கிடைத்ததும் ஒரு வரலாறே.

1847ஆம் ஆண்டிலே இத்தாலியின் தூரின் நகரில், அஸ்கானியோ சோபிரேரோ என்னும் இரசாயன அறிஞர் நைத்திரோகிளிசரீன் என்ற திரவத்தை ஆக்கினார். அதிர்ந்தால் வெடிக்கும் அப்பொருளில் அணுவளவை நாவிலே வைத்துப் பார்த்தார். கடுந் தலைவலி கண்டது. அதனை அடக்கி, மலை பிளக்கும் டைனமைற்றாக்கி, 1867இல் உரிமைப் பத்திரம் பெற்றவர் அல்பிரட் நோபல்.

அதனை நெஞ்சுவலிக்கு மருந்தென நிலைநாட்டியவர் இலண்டன் வைத்தியர் வில்லியம் மரல். ஒரு சதவீதக் கரைசலில் நனைந்த தக்கையை அவர் தம் நாவிலே தொட்டார். சில நிமிடங்களில் தலை இடித்தது, நாடி துள்ளியது. பின்னர் நோயாளருக்குக் கொடுத்துப் பயன் கண்டு, 1879இல் ‘லான்செற்’ சஞ்சிகையில் எழுதினார். 1896இல் நோபலுக்கே வைத்தியர் இம்மருந்தை விதித்தனர். மக்கள் அஞ்சாதிருக்க அதற்கு வேறு பெயர் சூட்டியிருந்தனர். இதனை விதியின் விளையாட்டென அவர் கடிதமொன்றிற் குறித்தார்.

இனி, முதியவரின் வினாவுக்கு வருவோம். விழுங்கிய மருந்து குடலிலிருந்து நேரே இதயத்தை அடைவதில்லை. வாயினாளம் என்னும் குருதிக்குழாய் அதனை முதலில் ஈரலுக்குக் கொண்டு செல்கிறது. ஈரலிலுள்ள நொதியங்கள் அதனைச் சிதைக்கின்றன; நைத்திரோகிளிசரீனில் மிகச் சிறு பங்கே தப்புகிறது. வைத்தியர் இதனை முதற்கடப்பு அனுசேபம் என்பர். நாவின் கீழுள்ள மெல்லிய நாளங்களோ ஈரலுக்குச் செல்லாது இதயத்தை நோக்கியே செல்வன. சோபிரேரோவுக்கும் மரலுக்கும் நாவிற் பட்ட சிறு துளியே போதுமாயிருந்ததன் காரணம் இப்போது விளங்கும்.

ஈரலைக் குறைகூறலாமோ? ஆகாது. உணவோடு வரும் நஞ்சுகளைத் தடுக்கும் காவலன் அது. காவலனுக்கு நண்பனென்றும் பகைவனென்றும் தெரியாது. எல்லோரையும் வாயிலில் மறிக்கிறான். அதனாலேதான் மோபைன் போன்ற மருந்துகளை, ஊசியால் ஏற்றும் அளவினும் கூடுதலாக விழுங்கக் கொடுக்கின்றனர்.

அம்முதியவர் பின்னர் குளிசையை நாவின் கீழ் வைத்து, மயக்கம் வராதிருக்க அமர்ந்துகொள்ளவும் பழகினார். வலியும் தணிந்தது. ஆகையால், நேயர்களே, வைத்தியர் மருந்தைத் தரும்போது அதன் பெயரை மட்டுமன்றி, அது செல்லவேண்டிய வழியையும் கேட்டறியுங்கள்.