அந்தமானின் விடுப்புச் சீட்டும் நன்னடத்தைச் சட்டமும்

அந்தமானிலுள்ள போர்ட் பிளேரின் பெயர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். 1858 மார்ச் 10 அன்று மருத்துவர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் ஏறத்தாழ இருநூறு கைதிகளுடன் வந்து தொடங்கிய தண்டனைக் குடியேற்றத்திலிருந்து வளர்ந்த நகரம் இது. அந்தமான் என்றதும் செல்லுலார் சிறைதான் நினைவுக்கு வரும். ஆனால் அச்சிறை கட்டி முடிந்தது 1906இல். அதற்கு முந்தைய அரை நூற்றாண்டில் கைதிகளில் பலர் சிறைச்சுவருக்கு வெளியே கிராமங்களில் குடும்பம் நடத்தினார்கள். இதனால் அந்தமான் முறையை இந்திய நன்னடத்தைக் கண்காணிப்பின் (புரொபேஷன்) முன்னோடி என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்வதற்கில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1894 முதல் தலைமை ஆணையராக இருந்த ரிச்சர்ட் டெம்பிள் இம்முறையைப் படிப்படியாக விவரித்திருக்கிறார். முதல் ஆறு மாதம் தனிக்கொட்டடி, அடுத்த ஒன்றரை ஆண்டு பிறரோடு சேர்ந்த சிறைவாழ்வு, பிறகு மூன்றாண்டு கூலியில்லா உழைப்பு, அதன்பின் ஐந்தாண்டு சிறு படியுடன் வேலை. பத்தாண்டு ஒழுங்காகக் கழித்தவருக்கு விடுப்புச் சீட்டு. அதைப் பெற்றவர் நிலம் உழலாம், மாடு வளர்க்கலாம், மணம் செய்யலாம், ஊரிலிருந்து மனைவி மக்களை வரவழைக்கலாம். பதிவேட்டில் இவர் ‘செல்ஃப் சப்போர்ட்டர்’, அதாவது தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ளும் கைதி. ஆனாலும் அனுமதியின்றிக் குடியேற்றத்தைவிட்டு நகரவோ சும்மா இருக்கவோ அவருக்கு உரிமையில்லை. இருபது, இருபத்தைந்து ஆண்டு கழிந்த பின்னரே முழு விடுதலை.

இந்தப் படிக்கட்டு அந்தமானில் தோன்றியதல்ல. 1840இல் நார்ஃபோக் தீவில் அலெக்சாண்டர் மெக்கனோக்கி நடத்தைக்கு மதிப்பெண் தந்து கைதியைக் கட்டம் கட்டமாக விடுவிக்க முயன்றார். ஆனால் அவரது அக்கறை கைதியின் மனமாற்றத்தில் இருந்தது. போர்ட் பிளேர் நிர்வாகத்துக்கோ காடழித்துப் பயிரிடக் கைகள் வேண்டும், செலவும் குறைய வேண்டும். 1872 பிப்ரவரி 8 அன்று வைஸ்ராய் மேயோ பிரபுவைக் கொன்ற ஷேர் அலி, நன்னடத்தையால் நாவிதத் தொழில் செய்ய விடப்பட்டிருந்த கைதி. அக்கொலைக்குப் பிறகு சலுகைகள் மீது ஐயம் வளர்ந்தது. 1890இல் அரசு அதிகாரிகள் லயல், லெத்பிரிட்ஜ் இருவரும் தொடக்கக் கட்டத்தைக் கடுமையாக்கச் சொன்னார்கள். செல்லுலார் சிறை அதன் விளைவு.

நன்னடத்தைக் கண்காணிப்பின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. 1841இல் பாஸ்டன் நகரச் செருப்புத் தொழிலாளி ஜான் அகஸ்டஸ், ஒரு குடிகாரரை நீதிமன்றத்தில் பிணையெடுத்துத் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டார். சிறைக்குப் போகுமுன்பே, சொந்த ஊரிலேயே, நீதிபதியின் தீர்மானத்தால் நடப்பது இது. அந்தமானில் விடுப்பு என்பது தண்டனையின் பின்பாதி; தீர்மானித்தது நிர்வாகம்; கைதி சேர்ந்த சமூகமோ கடல்தாண்டி உருவாக்கப்பட்டது. இந்த மூன்றாவது வேறுபாடுதான் முக்கியம் என்பது என் கருத்து. அக்கைதிகளின் வழிவந்த, ‘லோக்கல் பார்ன்’ என்று இன்றும் அறியப்படும் மக்களின் முன்னோர், ஊர் திரும்பியவர்கள் அல்லர்; ஊர் இழந்தவர்கள்.

இந்தியச் சட்டத்தில் நன்னடத்தைக் கண்காணிப்பின் தொடக்கம் 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 562ஆம் பிரிவு: முதன்முறை குற்றம் செய்தவரைப் பிணைமுறி எழுதி வாங்கிக்கொண்டு விடலாம். 1919-20 இந்தியச் சிறைக்குழு அந்தமானுக்கு நாடுகடத்துவதையே நிறுத்தச் சொன்னது. அரசு ஒப்புக்கொண்டது, ஆனால் கப்பல்கள் நிற்கவில்லை: மலபார்க் கிளர்ச்சியில் தண்டனை பெற்ற மாப்பிளாக்கள் வந்தார்கள், 1932 முதல் அரசியல் கைதிகளும் வந்தார்கள். அதே பத்தாண்டில் சென்னை மாகாணம் 1936ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தை இயற்றியது. தண்டனைக் குடியேற்றம் 1945இல் முடிவுக்கு வந்தது.

1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் நன்னடத்தை அலுவலரை நீதிமன்றத்தின் துணையாக்கியது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கு, நன்னடத்தையின்பேரில் விடுவிக்கும் 4ஆம் பிரிவு பொருந்தாது; பிணைமுறி அதிகபட்சம் மூன்றாண்டு. 21 வயதுக்குட்பட்டவரைச் சிறைக்கு அனுப்பும் நீதிபதி அதற்கான காரணத்தை எழுதியாக வேண்டும். அந்தமானில் வெளியே விடுவதற்கே பத்தாண்டுச் சான்று வேண்டியிருந்தது. இங்கே உள்ளே அனுப்புவதற்கு விளக்கம் வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, சிறைக்கு வெளியே கழிக்கும் ‘சமூக சேவை’யைத் தண்டனைப் பட்டியலில் சேர்த்தது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறையாகத் திருடித் திருப்பிக் கொடுத்தவர், குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை செய்தவர் போன்றோருக்கு அது பொருந்தும். அவ்வேலைக்குக் கூலி இல்லை என்று அதனுடன் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வையில் என்பதை இரு சட்டங்களும் சொல்லவில்லை.