பழவேற்காட்டில் ஒரு டிரேட் லைசென்ஸ்: 1610

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன மாசம் கும்மிடிப்பூண்டியில இருக்கிற ஒரு நண்பனைப் பார்க்கப் போயிருந்தேன். சிப்காட் பக்கத்துல சின்னதா ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை வெச்சிருக்கான். என்னோட இன்ஜினியரிங் படிச்சவன், நான் லேப்டாப் பக்கம் வந்துட்டேன், அவன் வெல்டிங் பக்கம் போயிட்டான். இப்போ துபாய்ல ஒரு கம்பெனி ஆரம்பிக்கணும்னு இருக்கான். டேபிள் முழுக்க பேப்பர். டிரேட் லைசென்ஸ், வருஷா வருஷம் புதுப்பிக்கிற கட்டணம், எந்தெந்த வேலைக்கு அனுமதி, ஆபீஸ் முகவரி, ஏஜென்ட் கமிஷன். "வெளிநாட்ல கடை போடறதுக்கு இவ்ளோ பேப்பராடா?"ன்னு தலைல கை வெச்சான்.

நான் சொன்னேன்: "மச்சான், இதே வேலைய வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் நானூறு வருஷம் முன்னாடி உன் ஊர்ப் பக்கத்துல வந்து செஞ்சிருக்கான். வண்டிய எடு, காட்டறேன்."

ஜி.என்.டி. ரோட்டுல கவரைப்பேட்டை தாண்டி, பொன்னேரி வழியா பழவேற்காடு. இன்னைக்கு நம்ம எபிசோட் அந்த ஊரைப் பத்தித்தான். பறவை பார்க்க, படகு சவாரி போக, இறால் சாப்பிடன்னு நீங்க போயிருப்பீங்க. ஆனா 1610-ல அங்க ஒரு வெளிநாட்டு கம்பெனி வியாபார அனுமதி வாங்கின கதை, இப்போ லைசென்ஸுக்கு அலையற யாரும் தெரிஞ்சுக்க வேண்டிய கதை.

முதல் லைசென்ஸ்: சொந்த ஊரில்

1602 மார்ச் மாதம். ஹாலந்தில் ஏற்கெனவே ஆளுக்கொரு கம்பெனி வைத்து ஆசியாவுக்குக் கப்பல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டு விலையைக் கெடுத்துக்கொண்டார்கள். அரசு எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே கம்பெனியாக்கியது. அதுதான் டச்சு கிழக்கிந்திய கம்பெனி. பொதுமக்கள் போட்ட பங்குப் பணம் சுமார் 64 லட்சம் கில்டர்.

அந்த கம்பெனிக்கு அரசு கொடுத்த சாசனம்தான் முதல் லைசென்ஸ். நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே 21 வருஷத்துக்கு டச்சுக்காரர்களில் வேறு யாரும் வியாபாரம் செய்யக் கூடாது. அதோடு, ராஜாக்களோடு ஒப்பந்தம் போடலாம், கோட்டை கட்டலாம், சிப்பாய்களை வைத்துக்கொள்ளலாம்.

கவனிச்சீங்களா? கோட்டை கட்ட அனுமதி கொடுத்தது ஆம்ஸ்டர்டாம் பக்கத்து அரசு. கோட்டை கட்டப் போற மண் யாரோடது? அந்த மண்ணுக்காரங்களை இன்னும் யாரும் கேட்கவே இல்லை.

ரெண்டாவது லைசென்ஸ்: வந்த ஊரில்

டச்சுக்காரர்களுக்கு வேண்டியது மிளகு, கிராம்பு, ஜாதிக்காய். அது கிடைப்பது இந்தோனேசியத் தீவுகளில். ஆனால் அந்தத் தீவுக்காரர்கள் பண்டமாற்றுக்குக் கேட்டது சோழமண்டலக் கரையின் துணி. பழவேற்காட்டு வியாபாரிகள் போர்ச்சுக்கீசியர் வருவதற்கு முன்பிருந்தே மலாக்காவுக்குத் துணி அனுப்பிக்கொண்டிருந்தவர்கள். ஆக, ஜாதிக்காய் வேண்டுமென்றால் முதலில் நம் நெசவாளியிடம் வர வேண்டும்.

அதனால் கம்பெனி இந்தக் கரையில் ஒவ்வொரு கதவாகத் தட்டியது. 1606-ல் கோல்கொண்டா சுல்தானிடம் மசூலிப்பட்டினத்தில் அனுமதி வாங்கினார்கள், சுங்கம் 4 சதவீதம். 1608-ல் செஞ்சி நாயக்கரிடம் கடலூர் பக்கத்துத் தேவனாம்பட்டினத்தில் அனுமதி. அங்கே போர்ச்சுக்கீசியர் அழுத்தம் கொடுத்து அதைக் கெடுக்கப் பார்த்தார்கள். கடைசியாக 1610-ல் அரென்ட் மார்ட்சென் என்ற டச்சு அதிகாரி விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் நேரடியாகப் போனார். தலிக்கோட்டைப் போருக்கு அப்புறம் அந்தப் பேரரசு சுருங்கி, சந்திரகிரி, வேலூர் என்று தெற்கே நகர்ந்துவிட்டிருந்தது. பழவேற்காடு அரசரின் ராணிகளில் ஒருவரது பொறுப்பில் இருந்தது.

1610 ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. அதற்குப் பெயர் கவுல். அரபியில் இருந்து வந்த சொல், அதன் அர்த்தமே 'சொல்' என்பதுதான். கொடுத்த வாக்கு. நம்ம ஊர்ல லைசென்ஸுக்கு இருந்த பழைய பெயர் இது.

ஷரத்துகள் என்ன? ஏற்றுமதி, இறக்குமதிக்கு சுங்கம் 2 சதவீதம், அதாவது மசூலிப்பட்டினத்தில் கொடுத்ததில் பாதி. கல்லால் ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம். அப்புறம் மூணாவது ஒண்ணு இருக்கு, அதுதான் வெயிட்டு: பழவேற்காட்டில் ஐரோப்பியர்களில் டச்சுக்காரர்களுக்கு மட்டுமே இடம்.

ராஜா ஏன் கொடுத்தார்? ஏமாந்துட்டார்னு நாம ஈஸியா சொல்லிடுவோம். எனக்கு அப்படித் தோணல. மயிலாப்பூர் சாந்தோமில் போர்ச்சுக்கீசியர் பல பத்தாண்டுகளாக உட்கார்ந்திருந்தார்கள். கடலில் போகிற எந்தக் கப்பலும் தங்கள் அனுமதிச் சீட்டை வாங்க வேண்டும் என்று மிரட்டிக்கொண்டிருந்தார்கள். வடக்கே கோல்கொண்டா நெருக்கியது. கஜானாவுக்குத் துறைமுக வருமானம் வேண்டும். போர்ச்சுக்கீசியருக்கு எதிராக ஒரு போட்டியாளரைக் கொண்டுவந்து நிறுத்தினால் பேரம் பேச வசதி. இன்னைக்கு ஒரு மாநில அரசு புது கம்பெனிக்கு வரிச்சலுகையும் 99 வருஷக் குத்தகைக்கு நிலமும் கொடுக்கும்போது போடுற அதே கணக்குதான்.

அடுத்து வந்தவனுக்குக் கதவு மூடியிருந்தது

1611 ஆகஸ்ட். 'குளோப்' என்ற ஆங்கிலக் கப்பல் பழவேற்காட்டுக்கு வருகிறது. வியாபாரப் பொறுப்பில் இருந்தவர்கள் பீட்டர் ஃப்ளோரிஸ், லூகாஸ் அந்தூனிஸ். இரண்டு பேருமே டச்சுக்காரர்கள், முன்னாள் டச்சு கம்பெனி ஊழியர்கள். வேலையை விட்டுவிட்டு, தெரிந்த தொழில் ரகசியத்தோடு போட்டிக் கம்பெனியில் சேர்ந்தவர்கள். ஐ.டி.ல இருக்கறவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கரையில் டச்சுத் தலைவர் வான் வெசிக் வழிமறித்தார். எங்களிடம் ராஜாவின் கவுல் இருக்கிறது, எங்கள் இளவரசர் மவுரிட்ஸின் அனுமதிப் பத்திரம் இல்லாத எந்த ஐரோப்பியனும் இங்கே வியாபாரம் செய்ய முடியாது என்றார். ஊரை நிர்வகித்த பெண்மணி முன்னால் பஞ்சாயத்து நடந்தது. முடிவு டச்சுக்காரர்கள் பக்கம். ஆங்கிலேயர் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு வடக்கே மசூலிப்பட்டினத்துக்குப் போய் அங்கே கடை போட்டார்கள்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வேங்கடரோட ஊர்ல, வேங்கடரோட கடற்கரையில, யார் வியாபாரம் செய்யலாம்னு சொல்ல ஹாலந்து இளவரசரோட கையெழுத்து வேணும். ஒரு வருஷம்தான் ஆச்சு கவுல் கொடுத்து. வியாபாரம் செய்ய வாங்கின லைசென்ஸ், அடுத்தவனுக்கு லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரமா மாறிடுச்சு.

கல் வீடு கோட்டையானது

1612 ஜூனில் சாந்தோமிலிருந்து போர்ச்சுக்கீசியர் கிளம்பி வந்து டச்சுக் கிடங்கை அடித்து நொறுக்கினார்கள். சிலர் செத்தார்கள், சிலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். டச்சுக்காரர்களுக்கு இப்போது நியாயமான காரணம் கிடைத்துவிட்டது: பாதுகாப்பு இல்லை. 1613-ல் வெம்மர் வான் பெர்கெம் என்ற அதிகாரி கோட்டையை எழுப்பினார். தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் நினைவாக அதற்கு கெல்ட்ரியா என்று பெயர் வைத்தார். கவுலில் எழுதியிருந்த கல் வீடு மூன்றே வருஷத்தில் பீரங்கி வைத்த கோட்டையாகிவிட்டது.

1614-ல் வேங்கடர் இறந்தார். வாரிசுச் சண்டை உள்நாட்டுப் போராக வெடித்தது. கொடுத்த வாக்குக்குச் சொந்தக்காரர் போய்விட்டார். அந்த வாக்கை இனி யார் காப்பாற்றுவது, யார் கேள்வி கேட்பது? சுத்தி இருந்த ராஜ்ஜியம் ஆட்டம் கண்டபோது கோட்டைச் சுவர் மட்டும் அசையாமல் நின்றது. 1616-லிருந்து கம்பெனியின் சோழமண்டலத் தலைமையகமே பழவேற்காடுதான். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை அப்படித்தான் இருந்தது. நாணயம் அடித்தார்கள், வெடிமருந்து தயாரித்தார்கள்.

நடுவில் இருந்தவர்கள்

என் நண்பன் திரும்பத் திரும்பக் கேட்ட ஒரு விஷயம் லோக்கல் பார்ட்னர். அமீரகத்துல 2021 வரைக்கும், ஃப்ரீ ஸோனுக்கு வெளியே கம்பெனி ஆரம்பிக்கணும்னா பொதுவா 51 சதவீதப் பங்கு அந்நாட்டுக்காரர் பேர்ல இருக்கணும். இப்போ பெரும்பாலான தொழிலுக்கு அது தேவையில்லை. ஆனா ஊர் தெரிஞ்ச ஒருத்தர் இல்லாம அங்க யாரும் கடை போடறதில்லை.

பழவேற்காட்டில் அந்த இடத்தில் இருந்தவர் அச்சுதப்பச் செட்டி. டச்சு ஆவணங்கள் அவரை மலையா என்று அழைக்கின்றன. மொழிபெயர்ப்பாளராக ஆரம்பித்தார். அப்புறம் கம்பெனிக்குத் துணி வாங்கித் தரும் தரகர். அப்புறம் சொந்தக் கப்பல் ஓட்டும் வியாபாரி. நாயக்கர்களோடு பேச வேண்டுமென்றாலும், நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்துத் துணி வர வைக்க வேண்டுமென்றாலும் அவரில்லாமல் கம்பெனியால் முடியாது. 1634-ல் அவர் இறந்தபின் தம்பி சின்னண்ணன் அந்த இடத்துக்கு வந்தார். அரசியலிலும் கைவைக்கும் அளவுக்கு அந்தக் குடும்பம் வளர்ந்தது.

இது வரைக்கும் இது பிசினஸ் கதை. இதே கோட்டையில இருந்து போன இன்னொரு சரக்கைப் பத்தியும் சொல்லியாகணும். மனுஷங்க. 1620-களில் போரும் பஞ்சமும் இந்தப் பக்கத்தைப் பிழிந்தபோது, சோற்றுக்கு வழியில்லாமல் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்களைக் கம்பெனி ஆயிரக்கணக்கில் வாங்கிக் கப்பலேற்றியது. பலர் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாகப் போனார்கள். சுங்கம் எத்தனை சதவீதம், வீடு கல்லா மண்ணா என்று பேரம் பேசிய அந்த மேஜைக்குப் பக்கத்தில் இவர்களுக்காகப் பேச யாரும் இருக்கவில்லை.

சென்னைக்கு வந்த வழி

ஆங்கிலேயர் விடவில்லை. 1619-ல் இரண்டு கம்பெனிகளும் ஐரோப்பாவில் சமரசம் செய்துகொண்டன. அதன்படி 1621-ல் ஆங்கிலேயர் பழவேற்காட்டுக்கு வந்தார்கள். கோட்டைச் செலவில் பாதியை ஏற்க வேண்டும் என்பது ஏற்பாடு. கட்டுப்படியாகவில்லை, 1623-ல் கிளம்பிவிட்டார்கள். 1626-ல் இன்னும் வடக்கே, ஏரியின் அந்தப் பக்கம், ஆர்மகான் என்று அவர்கள் அழைத்த இடத்தில் ஒரு கோட்டை. அதுவும் சரிப்படவில்லை.

1639-ல் பிரான்சிஸ் டே தெற்கே வந்து தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் ஒரு மணல் திட்டுக்கு அனுமதி வாங்கினார். இந்த முறை கோட்டை கட்டும் உரிமை பத்திரத்திலேயே இருந்தது. நாணயம் அடிக்கும் உரிமையும் இருந்தது. துறைமுக வருமானத்தில் பாதி நாயக்கருக்கு. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் போகப் போக எடுத்துக்கொண்டதை ஆங்கிலேயர் முதல் நாளே எழுத்தில் வாங்கிக்கொண்டார்கள். நாம இப்போ சென்னைன்னு சொல்ற ஊர் அப்படித்தான் ஆரம்பிச்சது. பழவேற்காட்டில் அன்னைக்குக் கதவு திறந்திருந்தா, ஹைகோர்ட்டும் சென்ட்ரல் ஸ்டேஷனும் எங்க இருந்திருக்கும்னு எனக்கு அடிக்கடி தோணும்.

இன்னைக்கு அங்க என்ன இருக்கு?

கெல்ட்ரியா கோட்டையை 1806-ல் ஆங்கிலேயர் தகர்த்தார்கள். 1824 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஊரும் அவர்கள் கைக்குப் போனது. இப்போது முட்புதர் மண்டிய மேடுதான். தொல்லியல் துறை பராமரிக்கும் டச்சுக் கல்லறை மட்டும் நன்றாக இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே 17-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள், குடும்பச் சின்னங்கள். என் நண்பன் ரொம்ப நேரம் அந்த எலும்புக்கூட்டையே பார்த்துட்டு, "லைசென்ஸ் ரின்யூவல் பண்ண முடியாத ஒரே இடம்டா இது"ன்னான்.

டீக்கடையில ஒரு மீனவர்கிட்ட பேசினோம். காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து இந்தப் பக்கத்து மீனவர்கள் வருஷக்கணக்கா போராடிட்டு வர்றாங்க. எங்க அனுமதி கேட்கிறாங்களோ அங்க நாங்க இல்ல, நாங்க எங்க இருக்கோமோ அங்க யாரும் வந்து கேட்கிறதில்லைன்னார். அவருக்கு 1610 கதை தெரியாது. ஆனா கவுலை விளக்கறதுக்கு நான் இவ்வளவு நேரம் பேசினதை அவர் ஒரு டீ குடிக்கிற நேரத்துல சொல்லிட்டார்.

திரும்பி வரும்போது நண்பன் கேட்டான், "இப்போ நான் என்ன பண்ணட்டும்?" நான் வக்கீல் இல்ல, ஆடிட்டரும் இல்ல. அதனால கேள்விகளைத்தான் கொடுத்தேன். கையெழுத்து போடறவரோட அதிகாரம் எத்தனை நாளைக்கு? நடுவுல இருக்கிற ஆளுக்கு நீ ஜெயிக்கிறதுல லாபமா, தோக்கறதுல லாபமா? பத்திரத்துல பேரே இல்லாத யாருக்கு இதனால அடி விழும்? இதுல மூணாவது கேள்விய டச்சுக்காரனும் கேட்கல, ராஜாவும் கேட்கல.

அவன் பேப்பரை இன்னும் படிச்சிட்டிருக்கான். நீங்க பழவேற்காடு போனா, படகுல ஏறுறதுக்கு முன்னாடி அந்தக் கல்லறைக்கு ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.