சிலுவை என்னும் சொல்லும் குறியும்: கடலூர், தில்லை வட்டாரச் சமயச் சூழலில் ஓர் ஆய்வு

கெடிலம் கடலொடு கலக்கும் இடத்திலிருந்து கொள்ளிடக் கரை வரையிலும் பரந்த நிலம் சமயக் குறிகளை ஆராய்ந்து பொருள்கண்ட நிலமாகும். திருவதிகையும் திருப்பாதிரிப்புலியூரும் தில்லையும் இதனகத்தன. இந்நிலத்திற்கே ஐரோப்பியர் வாயிலாகச் சிலுவை என்னும் அயற்குறியும் வந்து சேர்ந்தது. கொலைக்கருவி ஒன்று வழிபாட்டுக்குரிய அடையாளமாயது எங்ஙனம், அதனைத் தமிழ் எச்சொல்லால் ஏற்றது, இந்நிலத்து மக்கள் முன்னரே அறிந்திருந்த குறிகளொடு அஃது எவ்வாற்றான் ஒத்தும் ஒவ்வாதும் நிற்கின்றது என்பனவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். விவிலியத்தின் புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுந்தது. அதன்கண் சிலுவையைக் குறிக்கும் 'ஸ்தௌரொஸ்' என்னும் சொல்லுக்கு நட்டு நிறுத்திய கம்பம் என்பதே பழம்பொருள். நட்ட கம்பத்திற் குற்றவாளியைக் கொல்லுதற்குத் தமிழில் 'கழு' என்னும் சொல் தொன்றுதொட்டு உண்டு. அங்ஙனமாகவும் தமிழ்க் கிறித்தவர் அச்சொல்லைக் கைக்கொண்டிலர். இஃது ஏன்?

இரண்டு காரணங்கள் புலப்படுகின்றன. ஒன்று, பொருள் பற்றியது. கழு உடலை ஊடுருவிக் கொல்வது. சிலுவையோ ஆணிகளால் தைத்துத் தொங்கவிட்டு நெடும்பொழுது வருத்திக் கொல்வது. 'கழுவேற்றுதல்' என்னும் வினை பின்னதற்குப் பொருந்தாது. ஆதலின் 'சிலுவையில் அறைதல்' எனப் புதிய வழக்கொன்று தோன்றிற்று. ஆணியை அடித்து இறுக்குதலாகிய அறைதற் பொருள் இங்குப் பெரிதும் இயைந்து வருதல் காண்க. மற்றொரு காரணம் நினைவு பற்றியது. இதுவே வலியது என்பது என் கருத்து. சேக்கிழார் பெருமான் தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேற்றிய பெரியபுராணத்தில், ஞானசம்பந்தரொடு வாதிட்டுத் தோற்ற சமணர் கழுவேறிய செய்தி விரித்துரைக்கப்படுகின்றது. எனவே தமிழ் மக்களின் நெஞ்சிற் கழு என்பது வெறுங் கொலைக்கருவியாக மட்டும் நிற்கவில்லை. சமய வாதிற் றோற்றவர்க்குரிய முடிவாகவும் நின்றது. தம் ஆண்டவர் கழுவேறினார் என்று கிறித்தவர் கூறியிருப்பின், கேட்போர் அவரைத் தோற்றவராகவே கொண்டிருப்பர்.

அயற்சொல் இரண்டு வந்தன. போர்த்துகேசிய மொழியின் 'குரூஸ்' என்பது 'குருசு' ஆயிற்று. அன்றீக்கு அன்றீக்கசு அடிகளார் ஆக்கிக் கொல்லத்தில் 1578-ஆம் ஆண்டு அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்கச் சிறுநூலின் காலம் போர்த்துகேசியச் சொற்கள் தமிழ்ச் செபங்களிற் பெருக வழங்கிய காலம். அவ்வழக்கின் எச்சமே கடற்கரையூர்களில் இன்றும் கேட்கப்படும் 'குருசடி' என்னும் சொல். மற்றையது 'சிலுவை'. இதன் மூலம் சிரிய மொழியின் 'ஸ்லீபா' என்பதாம். கீழைச் சிரியர் ஒலிப்பில் உயிரிடைப்பட்ட பகரம் நெகிழ்ந்து வகரமாக, 'ஸ்லீவா' என நின்றது. மலையாள நாட்டுப் பழங் கிறித்தவர் 'ஸ்லீவா' என்றே வழங்குவர். மெய்ம்மயக்கம் மொழி முதற்கண் வாராது என்பது தமிழ் மரபாதலின், இடையே இகரம் தோன்றிற்று. இறுதி ஆகாரம், மாலா என்பது மாலை ஆனாற்போல, ஐகாரமாயிற்று. நெட்டீகாரம் குறுகி உகரச் சாயல் பெற்றது வகரத்தின் சார்பினால் என்னலாம். இங்ஙனம் வந்த சொல்லில் அயன்மைச் சாயல் சிறிதும் இல்லை. பறவை, உறவை என்பனவற்றொடு ஒருங்கு வைத்தால் வேறுபாடு தோன்றாது. குருசு பின்னடைந்து சிலுவை நிலைபெற்றமைக்கு இவ்வோசை இயைபும் துணை செய்திருத்தல் கூடும்.

இனிக் குறியைக் காண்போம். உரோமப் பேரரசிற் சிலுவைச் சாவு அடிமைகட்கும் கலகஞ் செய்தார்க்கும் உரிய இழிந்த தண்டமாகும். அத்தகைய சாவு எய்திய ஒருவரை மீட்பர் எனப் பறைசாற்றுதல் யூதர்க்கு இடறலாகவும் கிரேக்கர்க்கு மடமையாகவும் தோன்றுகின்றதென்று பவுலடிகளே கொரிந்தியர்க்கு எழுதிய மடலில் ஒப்புக்கொள்கின்றார். அவர் கூற்று மிகையன்று என்பதற்குச் சான்றொன்று உண்டு. உரோம் நகரப் பலத்தீன் குன்றில் 1857-இல் வெளிப்பட்ட பழைய சுவர்க்கீறல் ஒன்றில், கழுதைத் தலையுடைய ஓர் உருவம் சிலுவையிற் றொங்க, அதனை அலெக்சாமெனோசு என்பவன் வணங்குவதாக எள்ளி வரைந்திருக்கின்றனர். கிறித்தவர் தாமே சிலுவையை வெளிப்படையான அடையாளமாகப் பெரிதும் கொண்டது நான்காம் நூற்றாண்டிற் கான்சுடன்டைன் மன்னன் காலத்திற்குப் பின்னரே. அதன்பின்னும் உடல் தொங்குஞ் சிலுவையைச் செதுக்கத் தயங்கினர். உரோமிற் சாந்தா சபீனா கோயிற் கதவில் ஐந்தாம் நூற்றாண்டிற் செதுக்கிய காட்சி அத்தகையவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்றாகும். கண்ணாற் கண்டு அஞ்சிய தண்டம் வழக்கொழிந்த பின்னரே கண்ணுக்கினிய குறியாக மாற முடிந்தது போலும்.

தமிழகத்துப் பழஞ் சிலுவையும் உடலற்றதே. பரங்கிமலையில் 1547-இல் கோயில் எழுப்ப அகழ்ந்த இடத்து வெளிப்பட்ட கற்சிலுவை, பகலவி எழுத்துப் பொறிக்கப்பட்டது. அடியில் தாமரையிதழ் போன்ற இலைக்கோலமும் மேலே இறங்கிவரும் புறாவும் கொண்டது. அங்கே துன்பத்தின் சாயல் இல்லை. உயிர்ப்பின் மலர்ச்சியே உண்டு. பூவின்மேல் நிற்கும் தெய்வத்தைக் கண்டு பழகிய மண்ணிற் சிலுவையும் பூவின்மேல் நின்றமை கருதற்பாலது. போர்த்துகேசியர் கொணர்ந்ததோ குருதி வடியும் பாடுபட்ட சிலுவை. எனவே தமிழகம் ஒரு சிலுவையையன்று, இரண்டு சிலுவைகளைப் பெற்றது எனல் வேண்டும்.

கடலூரின் கிறித்தவ வரலாற்றிற் கட்சிப் பூசல்கள் பல. ஆங்கிலக் கிழக்கிந்தியக் குழுவினர் தேவனாம்பட்டினக் கோட்டையை 1690-இல் மராட்டியரிடம் விலைக்கு வாங்கினர். தரங்கம்பாடி உலுத்தரன் பணியாளர் வழிவந்த சார்த்தோரியசு, கைசுடர் என்னும் இருவர் 1737-இல் கடலூரிற் பணிநிலையம் தொடங்கினர். 1740-இல் வந்த கீர்நாந்தர் என்பாரிடம், கத்தோலிக்கர்க்குரிய கோயில் 1749-இல் ஒப்படைக்கப்பட்டது. கோயில் ஒன்றே, வழிபடுவோர் மாறினர். 1758-இல் இலாலி தலைமையிற் பிரெஞ்சுப் படை ஊரைக் கைப்பற்றவே கீர்நாந்தர் கல்கத்தா சென்றார். சீர்திருத்தச் சபையார் அனைவரும் சிலுவையுருவை வெறுத்தவர் என்பது பலர் கருத்து. அது பிழை. உலுத்தர் 1522-இல் உருவங்களைத் தகர்த்தோரைக் கண்டித்தார். 1518-ஆம் ஆண்டு ஐடல்பர்க்கு வாதத்தில், இறைவனை அவன் பெருமையிற் காணப் புகுவோன் காணான், சிலுவையின் இழிவிற் காண்போனே காண்பான் என்னுங் கருத்தை நிறுவியவரும் அவரே. கடலூர் வந்த செருமானியர் இம்மரபினர்.

இவ்விடத்துத் திருப்பாதிரிப்புலியூர் நினைவிற்கு வருகின்றது. நாவுக்கரசரைக் கல்லொடு பிணித்துக் கடலில் இட்டபோது, அக்கல்லே தெப்பமாக மிதந்து அவரை இவ்வூர்க் கரையிற் சேர்த்தது என்பது சைவர் கொள்கை. தேவாரத்தில் அவரே இதனைக் குறித்துள்ளார். கரையேறவிட்ட குப்பம் என்னும் ஊர்ப்பெயர் அச்செய்தியைத் தாங்கி நிற்கின்றது. கொல்வதற்கென்று அமைத்த கருவியே உய்விக்கும் கருவியாயிற்று என்னுமளவிற் கல்லும் சிலுவையும் ஒப்பன. ஒப்புமை காண விழைவார் இதனோடு நின்றுவிடுவர். வேற்றுமை இதனினும் ஆழமானது. கல் தன் தொழிலைச் செய்யத் தவறியது, ஐந்தெழுத்தின் ஆற்றல் அதனை வென்றது, அடியார் இறந்திலர். சிலுவையோ தன் தொழிலை முற்றச் செய்து முடித்தது. இயேசு இறந்தார், புதைக்கப்பட்டார் என்பதனைக் கிறித்தவர் தம் நம்பிக்கை அறிக்கையிலேயே சொல்லுகின்றனர். சாவிலிருந்து காத்தல் முன்னது. சாவின் ஊடே கடத்தல் பின்னது.

இந்நிலத்திற்கே உரிய மற்றொரு மரபு, திருவுருவை உறுப்புறுப்பாகப் பகுத்துப் பொருளுரைத்தல். பதின்மூன்றாம் நூற்றாண்டிற் றிருவதிகை மனவாசகங்கடந்தார் செய்த 'உண்மை விளக்கம்' கூத்தப்பெருமான் திருவுருவை இவ்வாறு விளக்குகின்றது. துடியிற் படைப்பு, அமைத்த கையிற் காப்பு, தீயில் அழிப்பு, ஊன்றிய அடியில் மறைப்பு, தூக்கிய அடியில் அருள் என ஐந்தொழிலும் அங்கே காட்டப்பெறும். இதனை அறிந்தார்க்கு, ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகட்கு முன் வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த அகுத்தீனார் உரை வியப்பளிக்கும். எபேசியர் மடலில் வரும் அகலம், நீளம், உயரம், ஆழம் என்னும் நான்கினையும் அவர் சிலுவையின் உறுப்புகளாகக் கொண்டார். கைகள் விரிந்த குறுக்குமரம் அன்பின் நற்செயல்; நிலத்தினின்று நீண்ட தண்டு விடாமுயற்சி; தலைக்கு மேல் நிற்கும் முனை மேலுலக நம்பிக்கை; மண்ணுட் புதைந்து காணப்படாத அடி, எல்லாவற்றையுந் தாங்கும் அருளின் மறைபொருள். ஒருவர்பால் மற்றவர் கற்றார் என்பதற்கு இடமில்லை. கூத்தனுருவின் உறுப்புகள் இறைவன் செயலைக் காட்ட, அகுத்தீனார் கண்ட சிலுவையுறுப்புகள் பெரும்பாலும் அடியார் ஒழுக்கத்தைக் காட்டுகின்றன. அருள் மட்டும் மண்ணுள் மறைந்து நிற்கின்றது. சைவ நூலில் அருளைக் காட்டும் அடி மேலே தூக்கியது. அகுத்தீனார் உரையில் அருளைக் காட்டும் அடி கீழே புதைந்தது. இம்முரண் நினைந்து நினைந்து மகிழ்தற்குரியது.

தில்லையில் உருவமாகக் கூத்தப்பெருமானும், அருவுருவமாகப் படிகலிங்கமும், அருவமாகத் திரைக்குப் பின் பொன் வில்வமாலை தொங்கும் வெற்றிடமும் ஒரே சிற்றம்பலத்தில் வழிபடப் பெறுகின்றன. உடலுடைய சிலுவை, உடலற்ற சிலுவை என்னும் இரண்டையும் இதனொடு ஒப்பிடுதல் இயல்பே. ஆயினும் தில்லை வெளி எங்கும் நிறைந்தமையைச் சுட்டும் வெறுமை. வெற்றுச் சிலுவை, இருந்தவர் எழுந்து சென்றமையைச் சுட்டும் வெறுமை.

சைவர் எழுப்பும் தடை யாவரும் அறிந்ததே. பிறப்பிலியாகிய இறைவன் பிறத்தலும் இறத்தலும் எங்ஙனம்? நஞ்சுண்டு தேவரைக் காத்த நீலகண்டன் பிறர்க்காகத் துன்பத்தை ஏற்றவனே. எனினும் அந்நஞ்சு கண்டத்தில் நின்றது, உயிரைத் தீண்டிற்றிலது. யாழ்ப்பாணத்துப் பேர்சிவல் ஐயரொடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர் கிறித்தவ நூல்களை நன்கறிந்தவர். 1854-இல் வெளியிட்ட 'சைவ தூஷண பரிகாரம்' என்னும் நூலில், சைவர் வழிபாட்டைப் பழிப்போர் தம் வேதத்திலேயே அத்தகைய சடங்குகள் உள்ளமையை அவர் எடுத்துக்காட்டினார். அவரே 1864-இற் சிதம்பரத்திற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். குறியின்றிச் சமயம் இல்லை என்பதில் இருதிறத்தாரும் ஒருநிலையினர் என்பது அவர் வாதத்தினின்றும் பெறப்படும். பிற்காலத்தே சென்னைச் சக்கரையார் சிலுவையையும் இந்திய மெய்ப்பொருட் சிந்தனையையும் ஒருங்கு ஆராய்ந்து 1932-இல் ஆங்கில நூலொன்று வெளியிட்டார். இந்து சமயத்திற் பிறந்து கிறித்தவரான ஒருவர் சிலுவையையே தம் ஆராய்ச்சியின் நடுவாக வைத்தமை குறிப்பிடத்தக்கது.

இறுதியாக, ஒப்பீட்டிற் பலர் தொடாது செல்லும் ஒன்றைக் கூறவேண்டும். திருநாளைப்போவார் தில்லை எல்லையை வலம்வந்து புறத்தே நின்றார். தீயில் மூழ்கி வேறுவடிவெய்திய பின்னரே உட்புகுந்தார் எனச் சேக்கிழார் உரைப்பர். எபிரேயர் மடலும் வாயிலைப் பற்றியே பேசுகின்றது: இயேசு நகரவாயிலுக்குப் புறம்பே பாடுபட்டார், அவர் நிந்தையைச் சுமந்து நாமும் பாளையத்திற்கு வெளியே அவரிடஞ் செல்வோம் என்பது அதன் கருத்து. ஒன்றிற் புறத்தார் ஒருவர் உள்ளே செல்கின்றார். மற்றொன்றில் உள்ளார் அனைவரும் வெளியே அழைக்கப்படுகின்றனர். புறத்தே நிற்கவைக்கப்பட்ட மக்கள் சிலுவைக் குறியைத் தமக்குரியதாகக் கண்டமைக்கு இத்திசை மாற்றமே அடிப்படை என்று கருதுகின்றேன்.

ஆனால் வரலாறு இக்கருத்தின் வழியே நேராகச் சென்றிலது. கொள்ளிடத்திற்குத் தெற்கே, தரங்கம்பாடியில் 1718-இல் திறக்கப்பெற்ற புதிய எருசலேம் ஆலயம் சிலுவை வடிவிலேயே கட்டப்பட்டது. அதனுள் சாதிக்கேற்ப மக்கள் வேறுவேறிடத்து அமர்ந்தனர். சாதி வேற்றுமையைச் சபைகளில் அறவே விடுக என்று 1833-இல் கண்காணியார் தானியேல் வில்சன் ஆணையிட்டபோது, சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டு நீங்கினர். கிறித்தவப் பெரும் புலவராகிய தஞ்சை வேதநாயக சாத்திரியாரே அவ்வாணையை எதிர்த்தார். உலுத்தரன் சபையினரான இலைப்சிக்கு பணியாளர் இதில் விட்டுக்கொடுத்து நடந்தமையைப் பொறாது, கார்ல் ஓக்சு என்பவர் அவரினின்றும் பிரிந்து, கடலூரையடுத்த மேல்பட்டாம்பாக்கத்திற் 1860-களில் தனிப்பணி தொடங்கினார். தேனியர் பணிக்கழகம் அவரை ஏற்றது. பின்னாளில் ஆர்க்காடு உலுத்தரன் திருச்சபை என வளர்ந்தது அப்பணியே. கடலூர், பண்ணுருட்டிப் பக்கத்துச் சிற்றூர்களில் அச்சபையின் கோயில்கள் பல உள.