பொன்னும் பாதரசமும்

சூத்தைப் பல்லைப் பிடுங்கி எறியாது அடைத்துக் காக்கலாம் என்னும் எண்ணம் மிகப் பழையது. ஐரோப்பாவில் அதற்கு நெடுங்காலம் பொன்னே சிறந்ததெனக் கொள்ளப்பட்டது. மெல்லிய பொற்றகட்டைச் சிறிது சிறிதாகக் குழியினுள் வைத்து அழுத்தி இறுக்குவர். வேலை நுண்ணியது, நேரமும் மிகும், கூலியோ செல்வர்க்கே இயலும். ஏழைக்குக் குறடு ஒன்றே கதி.

1826ஆம் ஆண்டளவில் பாரிசு நகரிலே தவோ என்பார் வெள்ளி நாணயத்தை அராவிய தூளைப் பாதரசத்துடன் குழைத்துப் பல்லை அடைத்தார். அக்குழம்பு அறைச்சூட்டிலேயே தானாக இறுகிவிடும். 1833இல் குரோக்கூர் என்னும் பெயருடைய சகோதரர் இதனை நியூயோர்க்குக்குக் கொண்டு சென்றனர். பொன்னுக்கு மாற்றான ‘அரச கனியம்’ என்று ஆடம்பரமாக விளம்பரஞ் செய்து, சூத்தையைச் சுரண்டி எடுக்காமலே குழம்பை அழுத்திவிட்டுக் காசு வாங்கினர். நோவில்லை என்பதால் மக்கள் திரண்டனர். ஆயின் அடைப்புக்கள் சில பருத்துப் பல்லைப் பிளந்தன. சில சுருங்கி விழுந்தன. அச்சகோதரர் நெடுநாள் அங்கு நிலைக்கவில்லை.

1840இல் அமெரிக்கப் பல்வைத்தியர் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். பாதரசக் கலவையைக் கையாளேன் என்று உறுப்பினர் உறுதி எழுதித் தரல் வேண்டும் என 1845இல் அது விதித்தது. இதில் உடல்நலக் கவலையும் உண்டு. பொன் அடைக்கும் தொழில் கெடுமே என்னும் கவலையும் உண்டு. முன்னையதைப் பொய்யச்சம் என்று தள்ளிவிடல் ஆகாது. அக்காலத்து வைத்தியர் பாதரச மருந்தை மிகையாகக் கொடுத்ததனால் ஈறு வீங்கிப் பல் ஆடியவரைப் பலரும் கண்ணாரக் கண்டிருந்தனர். எனினும் மலிவான அடைப்பைக் கேட்டு வருவோர் குறையவில்லை. அதனைச் செய்துகொடுத்த உறுப்பினரும் குறையவில்லை. சங்கம் இரண்டுபட்டது. 1850இல் விதியை நீக்கியும் பயனின்றி 1856இல் கலைந்தொழிந்தது. இப்போதுள்ள அமெரிக்கப் பல்வைத்தியச் சங்கம் 1859இல் தோன்றியது.

கலவையின் உண்மையான குறையைத் தீர்த்தவர் சிக்காகோவிற் பணிபுரிந்த ஜி. வி. பிளக். அவர் வாதிடவில்லை, அளந்தார். வெள்ளியும் வெள்ளீயமும் எந்த விகிதத்திற் சேர்ந்தால் அடைப்புப் பருக்காது, சுருங்காது என்று சோதித்து, 1895ஆம் ஆண்டளவில் முடிவை வெளியிட்டார். அதன் பின்னர் ஒரு நூற்றாண்டுக்காலம் உலகெங்கும் கோடிக்கணக்கான கடைவாய்ப் பற்களைக் காத்தது அக்கலவையே.

அதன் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசமாகும். அடைப்பிலிருந்து நுண்ணிய அளவில் ஆவி எழுவது உண்மை; ஆயினும் பெரும்பாலோர்க்கு அதனாற் கேடு விளைவதாக ஆராய்ச்சிகள் காட்டவில்லை. கலவைக்கு முடிவு வந்தது வேறு வழியாக. வைத்தியசாலைக் கழிவுநீரோடும் சுடலைப் புகையோடும் பாதரசம் மண்ணையும் நீரையும் சேர்கிறது. ஆதலின் 2013இல் யப்பானிற் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை இதன் பாவனையைக் குறைக்குமாறு கூறியது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 சனவரி முதலாக, நோயாளியின் தனித்த மருத்துவத் தேவைக்கன்றி இதனைத் தடுத்துள்ளது.

இன்று இதன் இடத்தைப் பெரிதும் பிடித்திருப்பது பல்லின் நிறமுடைய செயற்கைப் பிசின். ஈரம் படாமற் காத்து, அடுக்கடுக்காக இட்டு, நீல ஒளி பாய்ச்சி அதனை இறுகச் செய்தல் வேண்டும். அதனால் நேரமும் கூலியும் மிகும்.