நனைந்த நூல்களும் கழிவு முடிவும்: சென்னையின் மேற்குப் புறநகர் நூலகங்களை முன்வைத்து

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, கொரட்டூர், பட்டரைவாக்கம் பகுதிகளில் தெருக்களும் தரைத்தளங்களும் மூழ்கின; பல இடங்களில் நீர் வடிய நாட்கள் பிடித்தன. நனைந்த தாளில் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும் என்பது நூற்காப்பாளர்கள் பரவலாக ஏற்கும் கெடு. இப்பகுதியில் தரைத்தளத்தில் இயங்கும் நூலகத்துக்கு, கதவைத் திறப்பதற்குள்ளாகவே அந்தக் கெடு முடிந்துவிடக்கூடும். ஆகவே எதை உலர்த்துவது என்பதைவிட எதை உலர்த்தாமல் விடுவது என்பதே முதல் கேள்வி. அதற்கான விடை மழைக்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு பெருகி ஃபிளாரன்ஸ் தேசிய நூலகத்தைச் சிதைத்தது. அங்கே மீட்புப் பணியில் முன்னின்ற பீட்டர் வாட்டர்ஸ், பின்னர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக எழுதிய வழிகாட்டியில், தற்கால நூல் தன் எடையில் 60 சதவீதம் வரை நீரை உறிஞ்சும் என்கிறார். நூல் ஒன்று 300 கிராம் என்று கொண்டால், ஆயிரம் நூல்களிலிருந்து 180 லிட்டர் வரை நீர் வெளியேற வேண்டும். எங்கே வெளியேறும்? வடகிழக்குப் பருவமழைக் காலத்துச் சென்னைக் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. 65ஐத் தாண்டினாலே பூஞ்சணத்துக்குப் போதும். சன்னலைத் திறந்து விசிறி போடுவது வறண்ட நாட்டின் மருந்து. பூஞ்சணம் பிடித்து உலர்ந்த நூலின்மேல் விசிறிக் காற்று பட்டால் வித்துகள் அறை முழுவதும் பரவும். வெயிலில் விரித்தால் அட்டை வளையும், மை வெளுக்கும். வழுவழுப்பான தாளோ உலரும்போது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். பிறகு பிரிக்க முடியாது. பழைய நூலகவியல் பாடநூல்கள் பரிந்துரைத்த தைமால் புகையூட்டல் நிலைத்த காப்பைத் தருவதில்லை. பணியாளரின் உடலுக்கும் கேடு.

உறைய வைப்பதே அவகாசம் வாங்கித் தரும் வழி. மைனஸ் 18 பாகை செல்சியசில் பூஞ்சணம் சாவதில்லை, வளர்ச்சி நிற்கிறது. மீனுக்கும் ஐஸ்கிரீமுக்கும் உள்ள குளிர்பதனக் கிடங்குகளில் இது முடியும். ஆனால் சாக்கடை கலந்த வெள்ளத்தில் ஊறிய நூல்களை உணவுக்குப் பக்கத்தில் எந்தக் கிடங்குக்காரர் வைப்பார்? தனி அறை, மூடிய பெட்டி, முன்கூட்டிய ஒப்பந்தம் எல்லாம் வேண்டும். கிடைக்கும் இடம் சில பெட்டிகளுக்குத்தான்.

அந்தச் சில பெட்டிகளில் எவை? 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்கீழ் வளர்ந்த கிளை நூலகங்களில் உள்ள நூல்களில் பெரும்பகுதி, மொத்தமாக வாங்கிப் பல ஊர்களுக்கும் பகிரப்பட்டவை. அதே நூல் பக்கத்து ஊரிலும் இருக்கும். ஆனால் தொழிற்சங்க வெளியீடு, கோயில் குடமுழுக்கு மலர், பள்ளி ஆண்டு மலர், உள்ளூர்க்காரர் சொந்தச் செலவில் அச்சிட்ட கவிதை நூல் ஆகியவை போனால் போனவைதான். பழைய தமிழ்ப் பதிப்புகள் மறுஅச்சு காணாமல் போயிருக்கலாம் என்ற எதிர்வாதம் நியாயமானது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் தேடிப் பார்த்தால் ஐயம் தீரும். அந்தத் தேடலுக்கு வேண்டிய நேரம் வெள்ளத்தன்று இருக்காது.

நூலகர் கழிக்கத் தயங்குவது அறியாமையால் அல்ல, தணிக்கை அச்சத்தால். ஆவடியிலுள்ள மத்திய அரசு நிறுவன நூலகங்களுக்குப் பொருந்தும் 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள், வழங்கப்படும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து என்ற இழப்பை இயல்பானதாக ஏற்கின்றன. அது அன்றாடப் புழக்கத்தின் இழப்பு; ஓரிரவில் அடித்தட்டு வரிசைகள் முழுவதும் ஊறிப்போவதற்கு அந்த அளவுகோல் உதவாது. விளைவாக, துடைத்து அடுக்கிய பூஞ்சண நூலைச் சிறுவர்களும் ஆஸ்துமா உள்ள முதியவர்களும் புரட்டுகிறார்கள். இதைப் பொதுச்சொத்துப் பாதுகாப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

செப்டம்பருக்குள் ஈடில்லா நூல்களின் முதுகில் அடையாளமிட்டு மேல்தட்டுக்கு ஏற்றுவது, ஊறிய பிற நூல்களைப் புகைப்படத்தோடும் வரவுப் பதிவெண்ணோடும் இரு அலுவலர் கையொப்பத்தில் அன்றைக்கே கழிக்க நிலையாணை பிறப்பிப்பது: இவ்விரண்டில் முதலாவது நூலகர் கையில் இருக்கிறது, இரண்டாவதை நூலக ஆணைக்குழுதான் தர வேண்டும்.